ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு குடித்தனம்

“இந்த வீட்டில எனக்குன்னு ஒரு மூலை உண்டா? பீரோவில மூணாவது தட்டு எனக்குன்னு சொன்னே. அதுல பாதி உன் போர்வை. பாத்ரூம்ல எனக்கு ஒரே ஒரு கொக்கி. அதுலயும் உன் துண்டு. கம்ப்யூட்டர்ல பாதி எனக்கு இருந்தா, அது மட்டும் உன் கண்ணை உறுத்துதா?”

என் கணவர் சொன்னது இது. ஒரு எழுத்துக்கூட நான் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.

“கண்ணை உறுத்தல. டிஸ்க்கைத்தான் உறுத்துது. இடமே இல்லைங்குது,” என்றேன்.

“அப்ப உன் குப்பையை அழி.”

குப்பை என்று அவர் சொன்னது ஒப்பந்தச் சட்டத்தை.

விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாத மாணவர்களுக்கான நூலகம் ஒன்றுக்கு நான் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறேன். கான்வென்ட்டில் சிஸ்டர் ஸ்கேலால் தட்டித் தட்டித் திருத்திய இங்கிலீஷ் உச்சரிப்பை இத்தனை வருஷமாகப் பால்காரரிடமும் பேப்பர்காரரிடமும் காட்டி என்ன பயன்? அது இப்போதுதான் உருப்படியாக ஒரு வேலைக்கு ஆகிறது. இந்தத் தடவை ஒரு சட்டக் கல்லூரிப் பெண்ணுக்கு ஒப்பந்தச் சட்டம். மொத்தம் பதினோரு அத்தியாயம். ஏழு முடித்துவிட்டேன். வருகிற திங்களை விட்டு அதற்கு அடுத்த திங்கட்கிழமை காலை முழுவதையும் கொடுத்தாக வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அதற்கு மறு வாரம் பரீட்சை. நூலகம் கேட்கிற தரத்தில் பதிந்தால் ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு பீரோ இடம் பிடிக்கும். எட்டாம் அத்தியாயத்தின் நடுவில் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது.

விரிக்காமல் என்ன செய்யும்? அதன் பாதி வயிற்றில்தான் என் கணவர் இன்னொரு குடும்பம் வைத்திருந்தாரே.

நான்கு மாதத்துக்கு முன்னால் இவருடைய ஆபீஸ் எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்தார். எதையும் ஆற அமரச் செய்கிறவர் என்பதால் அவருக்கு ஆபீஸில் ‘மின்னல்’ என்று பெயர். அவர்தான் கம்ப்யூட்டரை உள்ளிருந்து ஓட்டும் சிஸ்டத்துக்குப் பக்கத்தில் இன்னொரு இலவச சிஸ்டத்தைக் குடிவைத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து கம்ப்யூட்டரைப் போட்டால் முதலில் ஒரு கறுப்புத் திரை வரும். அதில் இரண்டு வரி. ஒன்று என்னுடையது, ஒன்று இவருடையது. எது வேண்டும் என்று பத்து விநாடி காத்திருக்கும். நாம் சொல்லாவிட்டால் தானாகவே இவருடையதற்குள் போய்விடும். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைதான்.

பத்து விநாடி கம்ப்யூட்டர் முன்னால் சும்மா உட்கார எந்தக் குடும்பப் பெண்ணால் முடியும்? ஸ்விட்சைப் போட்டுவிட்டு அடுப்பை அணைக்கப் போவேன். திரும்பி வந்தால் இவருடைய ஊதாத் திரை. அணைத்து மறுபடி போடுவேன். காலிங் பெல் அடிக்கும். வந்து பார்த்தால் மறுபடி ஊதா. நான்கு மாதத்தில் அந்த ஊதாவைப் பார்த்துப் பார்த்து வீட்டில் கத்தரிக்காய் வாங்குவதையே விட்டுவிட்டேன்.

“அந்த சிஸ்டத்தில அப்படி என்னதான் பண்றீங்க?”

“ஆபீஸ் வரைபடம்.”

இவர் லிஃப்ட் பரிசோதகர். ஊரில் உள்ள அத்தனை லிஃப்ட்டும் இவர் சொன்னால் நிற்கும். வீட்டில் மட்டும் இவர் பேச்சை மின்விசிறிகூடக் கேட்காது.

“வரைபடம் போட என் சிஸ்டம் ஆகாதா?”

“அதெல்லாம் உனக்குப் புரியாது.”

இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று நான் கொஞ்சம் இறங்கி வந்திருப்பேன்.

“புரிய வேண்டாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள அது போகணும். இல்லேன்னா நான் நூலகத்துக்குப் போன் பண்ணி, என் வீட்டுக்காரர் பாதி டிஸ்க்கைத் தர மாட்டேங்கறாரு, அதனால பரீட்சைக்கு ஏழாம் அத்தியாயத்துக்கு மேல கேள்வி கேக்க வேண்டாம்னு யூனிவர்சிட்டிக்குச் சொல்லுங்கன்னு சொல்லிடுவேன்.”

அவர் என்னையே பார்த்தார். சொன்னால் செய்கிறவள் என்று அவருக்குத் தெரியும்.

“சரி. எடுத்துடறேன்,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். அறைக்குள் யாரும் வரக் கூடாது, இது ஆபரேஷன் மாதிரி, கை நடுங்கினால் எல்லாம் போய்விடும் என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். நாற்பது நிமிஷம் உள்ளே டொக் டொக்கென்று சத்தம். நடுவில் ஒரு தடவை தண்ணீர் கேட்டார். கடைசியில் நெற்றியைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

“போயிடுச்சு.”

“கஷ்டமா இருந்துச்சா?”

“ரொம்பவே. வேற எவனாவது கை வெச்சிருந்தா உன் ஒப்பந்தமும் போயிருக்கும், சட்டமும் போயிருக்கும்.”

போட்டுப் பார்த்தேன். கறுப்புத் திரை இல்லை. இரண்டு வரி இல்லை. நேராக என் சிஸ்டம் வந்து நின்றது. மனசு குளிர்ந்து இரண்டாவது காபி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரையைக்கூட அளக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எட்டாம் அத்தியாயத்தைத் தொடர்ந்தேன். பத்தாவது நிமிஷம், இடம் இல்லை என்று வந்தது.

எனக்குக் கம்ப்யூட்டர் அதிகம் தெரியாது. ஆனால் பரண் தெரியும். பரணிலிருந்து ஒரு பெரிய டிரங்குப் பெட்டியை இறக்கினால், பரணில் ஒரு பெட்டி அளவு இடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் பெட்டியை இறக்கவில்லை, மேலே போர்வையைப் போட்டு மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். டிஸ்க்கைத் திறந்து பார்த்தேன். அதே அளவு, அதே சிவப்புக் கோடு. ஒரு துளி கூடவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல நடக்கப் போனேன். தெருமுனையில் செருப்பு வார் அறுந்து, பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தேன். முன்கதவு சும்மா சாத்தியிருந்தது. நடையிலிருந்து பார்த்தால் கம்ப்யூட்டர் நேரே தெரியும். இவர் ஸ்விட்சைப் போட்டார். போட்ட கையோடு ஒரே பட்டனை மரங்கொத்தி மாதிரி ஏழெட்டுத் தடவை கொத்தினார்.

கறுப்புத் திரை வந்தது. இரண்டு வரியும் வந்தன.

ஞாயிற்றுக்கிழமை நாற்பது நிமிஷம் வியர்வை சிந்தி என் கணவர் செய்த வேலை, அந்தப் பத்து விநாடியைப் பூஜ்யமாக்கி, என்னுடையதை முன்னால் நிறுத்தி, தன்னுடையதைப் பின்னால் ஒளித்ததுதான். முழுப் பூசணிக்காய். சோறுகூட அவர் போடவில்லை.

போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். ஆனால் அதற்குள் ஊதாத் திரையில் ஒன்று வந்தது. பச்சை நிலம், ஆறு, சின்னச் சின்ன வீடுகள், குறுக்கும் நெடுக்குமாகத் தண்டவாளம். அதன் மேல் எறும்பு அளவு ரயில்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. இவர் திரைக்கு அருகில் குனிந்து, ஒரு ரயிலிடம் மெதுவாகச் சொன்னார்:

“அவசரப்படாதேப்பா. அவன் போகட்டும், அப்புறம் நீ போ.”

கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னிடம் இவ்வளவு நிதானமாக அவர் பேசிக் கேட்டதில்லை.

வந்த சுவடு தெரியாமல் வெளியே போய், அறுந்த செருப்போடு இன்னும் இரண்டு சுற்று நடந்தேன்.

என்ன செய்வது? சண்டை போட்டால் மறுபடி மூணாவது தட்டில் ஆரம்பிப்பார். அதற்குள் கெடு வைத்த திங்கட்கிழமை வந்துவிடும். நான் வாசித்த புத்தகத்திலேயே மூன்றாம் அத்தியாயத்தில் இருக்கிறது: உண்மையை அறிந்த ஒருவர் அதை மறைப்பது மோசடி. அதற்கு அடுத்த பத்தியிலேயே இன்னொன்றும் இருக்கிறது: வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது. சட்டம் எழுதியவரின் மனைவி கெட்டிக்காரியாக இருந்திருக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டின்போது சொன்னேன்.

“அண்ணா சனிக்கிழமை சாப்பிட வர்றான்.”

“வரட்டும்.”

“நீங்க கம்ப்யூட்டர்ல ரெண்டாவது சிஸ்டத்தைத் தனியாளா எடுத்ததைச் சொன்னேன். அசந்துட்டான். மாப்பிள்ளை எப்படி எடுத்தார்னு நேர்ல பாக்கணுமாம்.”

வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

என் அண்ணன் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர். மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி மனிதர்களையும் இரண்டு தடவை படிப்பான். இவர் உலகத்தில் பயப்படுகிற இரண்டு பேரில் அவன் ஒருவன்.

“பாக்கணும்னா? மச்சான்கிட்டயும் ரெண்டு சிஸ்டம் இருக்கா? லேப்டாப்பைக் கொண்டு வர்றாரா?”

நான் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறினேன். வெறுமனே பேசாமல் இருப்பது மோசடி ஆகாது.

“அவர் லேப்டாப்ல எதாவது தப்பாப் போச்சுன்னா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாரே,” என்றார்.

“தப்பா எதுக்குப் போகுது? ஒரு தடவை செஞ்ச கைதானே?”

அன்று ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்ததை நான் பார்க்கவில்லை. தட்டு மட்டும் அங்கே இருந்தது.

புதன்கிழமை அவர் ஆபீஸ் போனதும் நானும் மரங்கொத்தியானேன். எட்டாவது கொத்தில் கறுப்புத் திரை வந்தது. கடவுச்சொல் கிடையாது. எதிரிலேயே ஒரு ஃபோல்டர் இருந்தது. ‘ஆபீஸ் வரைபடம்’ என்று பெயர். திறந்தேன். நாற்பத்தோரு ஸ்டேஷன். அடுப்படிச் சந்திப்பு, பால்கனி ரோடு, மொட்டைமாடி என்று ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருந்தார். மாமியார்பேட்டை என்று ஒன்று. அங்கே வண்டி போகும், திரும்பி வரத் தண்டவாளம் இல்லை. எல்லாப் பாதையும் கூடுகிற நடு இடத்தில் மிகப் பெரிய ஸ்டேஷன். அதற்குப் பெயர் ‘அம்மணி ஜங்ஷன்’. எந்த வண்டியானாலும் அங்கே நின்று, கேட்டுக்கொண்டுதான் போக வேண்டும். அத்தனை சிக்னலும் சிவப்பு.

சிரித்தேனா, கோபப்பட்டேனா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை. நல்ல பென் டிரைவ் இரண்டும் நூலகத்தில் இருந்தன. மேஜை டிராயரில் நகத்தளவில் ஒன்று கிடந்தது. என் அத்தியாயத்துக்குப் பத்தாது. நாற்பத்தோரு ஸ்டேஷனுக்குத் தாராளமாகப் போதும். ஃபோல்டரை அப்படியே நகல் எடுத்து, மளிகை அலமாரியில் வெந்தய டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன். அவர் எட்டிப் பார்க்காத இடம் அது.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். கையில் ஆறு பக்கம் அச்செடுத்த காகிதம். மின்னல் கொடுத்ததாம். பொடி இங்கிலீஷ்.

“கொஞ்சம் படிச்சுச் சொல்றியா? மச்சானுக்காக ஒரு தடவை கைபழக்கிக்கலாம்னு பாக்கறேன்.”

“எதுல கைபழக்குவீங்க? நம்மளதுலதான் போயிடுச்சே?”

கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். சுவர் உதவவில்லை.

“போனதோட மிச்சம் மீதி கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு. அதைச் சுத்தம் பண்றேன்.”

“மிச்சம் மீதியா? எவ்வளவு இருக்கும்?”

“ஒரு பாதி டிஸ்க் இருக்கும்.”

முகத்தை அசைக்காமல் காகிதத்தை வாங்கிக்கொண்டேன்.

முதல் வரியை நிறுத்தி வாசித்தேன். “நீக்கப் போகிற சிஸ்டத்தில் உங்களுக்கு வேண்டியது எதுவும் இருந்தால் முதலில் நகல் எடுத்துக்கொள்ளவும்.”

அவர் நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டார்.

மறுபடி வாசித்தேன். இன்னொரு தடவையும் வாசித்தேன்.

“எதாவது இருக்கா?” என்று கேட்டேன்.

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஞாயிற்றுக்கிழமையின் நாற்பது நிமிஷத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

“போனதுல என்ன இருக்கும்? அடுத்ததைப் படி.”

மூன்றாவது படியில் டிஸ்க்கின் படம் வந்தது. இவருடைய பாதியைத் தேர்ந்தெடுத்து, அழி என்று கொடுக்க வேண்டும். மவுஸின் மேல் அவர் கை ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தது. சரி, வேண்டாம் விடுங்க, ரெண்டு பேருமா எங்கேயாவது இடம் பண்ணிக்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வந்துவிட்டது. அதற்குள் அழுத்திவிட்டார். கம்ப்யூட்டரும் தயங்கவில்லை. நாற்பத்தோரு ஸ்டேஷன் ஒரே சொடுக்கில் காலி.

நான்காவது படி: “கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போடவும்.” போட்டார்.

கறுப்புத் திரை வந்தது. ஆனால் அதில் இரண்டு வரி இல்லை. ஒரு வரியும் இல்லை. இடது ஓரத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். என் சிஸ்டமும் இல்லை.

“என்ன ஆச்சு?”

“நீ படிச்சபடிதானே பண்ணேன்?”

“என் ஏழு அத்தியாயம் எங்கே?”

“என்னைக் கேட்டா? அதுல வேற என்ன எழுதியிருக்கு, படி.”

புரட்டினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதியிருந்தது. வாசித்தேன். “மூன்றாவது படிக்கு முன்னால், தவறாமல், கம்ப்யூட்டர் எந்த சிஸ்டத்தில் தொடங்க வேண்டும் என்பதை மாற்றி அமைக்கவும். இல்லாவிட்டால் இல்லாத சிஸ்டத்தைத் தேடிக்கொண்டு அது நின்றுவிடும்.”

“மூணாவது படிக்கு முன்னால,” என்றார் இவர்.

“ஆமா.”

“அதை எதுக்கு இப்பப் படிக்கறே?”

“அடிக்குறிப்புங்க. அடிக்குறிப்பை நடுவில படிக்கக் கூடாது. அத்தியாயம் முடிஞ்ச பிறகு மொத்தமாப் படிக்கணும். நூலகத்து விதி.”

இவர் என்னைப் பார்த்த பார்வையை விளக்க முடியாது. ஆறாவது மாடியில் லிஃப்ட்டின் கயிற்றை அறுத்துவிட்டு, கயிற்றை அறுக்கக் கூடாது என்ற பலகையைத் தரைத்தளத்தில் மாட்டியவளைப் பார்க்கிற பார்வை.

நானும் அவரும் அந்தச் சின்னக் கோட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவருக்கு நாற்பத்தோரு ஸ்டேஷன் போயிற்று. எனக்கு ஏழு அத்தியாயம் போயிற்று. என் தொண்டை வறண்டதை நினைத்தேன். ஜன்னலில் போர்வையைக் கட்டி, மின்விசிறியை அணைத்து, வியர்த்து வழிந்து வாசித்த நாட்களை நினைத்தேன். அந்தப் பெண்ணை நினைத்தேன். அவளுக்கு என் முகம் தெரியாது. குரல் மட்டும் தெரியும்.

“இன்னொரு நட்சத்திரம் இருக்கா பாரு,” என்றார் இவர். கோபமாக இல்லை. ரயிலிடம் பேசிய அதே குரல்.

இருந்தது. இரண்டு நட்சத்திரம். “இதைப் படிக்காமல் அழித்துவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். கோப்புகள் எங்கும் போகவில்லை. தொடங்கும்போது அமைப்புத் திரைக்குள் போய், பழைய சிஸ்டத்தைப் பட்டியலில் முதலாவதாக நகர்த்தவும்.”

எழுதியவர் வீட்டிலும் யாரோ சத்தம் போட்டு வாசித்திருக்கிறார்கள்.

நான் எழுத்தெழுத்தாகச் சொன்னேன். இவர் ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். இந்தத் தடவை அடிக்குறிப்பு, மேற்குறிப்பு, பக்க எண் எல்லாவற்றையும் முதலிலேயே படித்தேன். என் சிஸ்டம் வந்தது. ஏழு அத்தியாயமும் வரிசையாக இருந்தன. காலியான பாதியை என் பாதியோடு சேர்க்கிற படியையும் செய்து முடித்தார். சிவப்புக் கோடு நீலமானது. பரண் காலி.

“இப்ப உண்மையாவே போயிடுச்சு,” என்றார்.

‘உண்மையாவே’ என்ற சொல்லைக் காதில் வாங்காதவள் மாதிரி எழுந்துபோய்க் காபி போட்டேன்.

வியாழன் சாயங்காலம் எட்டாம் அத்தியாயம் முடிந்தது. வெள்ளிக்கிழமை ஒன்பது, பத்து. இன்னும் ஒரே ஒரு அத்தியாயம். இவர் மட்டும் இரண்டு நாளும் சாயங்காலத்தில் பால்கனியில் நின்று, தெருவில் போகிற வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை அண்ணன் வந்தான். கையை வீசிக்கொண்டு வந்தான்.

“லேப்டாப் எங்கே மச்சான்?” என்று கேட்டார் இவர்.

“எந்த லேப்டாப்?”

“ரெண்டு சிஸ்டம் இருக்கற லேப்டாப்.”

“எனக்கு ஏது மாப்பிள்ளை லேப்டாப்? போன்லயே எழுத்தைப் பெரிசு பண்ணித்தான் படிக்கறேன். நீங்க எதையோ எடுத்தீங்களாமே, அதைப் பாக்கலாம்னு வந்தேன். காட்டுங்க.”

“எடுத்ததை எப்படிக் காட்டறது? அதான் இல்லையே.”

இவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

“அண்ணா லேப்டாப் கொண்டு வர்றான்னு நான் சொன்னேனா?” என்றேன்.

யோசித்தார். நான் சொல்லவில்லைதான். மளிகை அலமாரிக்குப் போய், வெந்தய டப்பாவுக்குப் பின்னாலிருந்து நகத்தளவுப் பென் டிரைவை எடுத்துவந்து அவர் கையில் வைத்தேன்.

“இது என்ன?”

“ஆபீஸ் வரைபடம். நாப்பத்தோரு ஸ்டேஷனும் பத்திரமா இருக்கு. மாமியார்பேட்டைக்கு மட்டும் திரும்பி வர ஒரு பாதை போடுங்க.”

அவர் உட்கார்ந்துவிட்டார்.

“உனக்கு எப்பத் தெரியும்?”

“திங்கக்கிழமை சாயங்காலம்.”

“அப்ப வியாழக்கிழமை நான் அழிச்சப்போ...”

“மூணு தடவை படிச்சுக் காட்டிட்டுக் கேட்டேனே, எதாவது இருக்கான்னு.”

அண்ணன் எங்கள் இருவரையும் இரண்டு தடவை படித்தான். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தான். இவரும் கடைசியில் சிரித்தார். அசடு வழிகிற சிரிப்புத்தான், ஆனால் நல்ல சிரிப்பு. சாப்பிடும்போது கேட்டார்: “அந்த ரயில் விளையாட்டு உன் சிஸ்டத்திலயும் ஓடுமாம். மின்னல் சொன்னான். ஒரு ஓரமாப் போட்டுக்கட்டுமா?”

ஜெயித்தவளுக்குத் தாராளம் வரும். “ஒரு ஓரமா,” என்றேன்.

பாத்திரத்தை ஒழித்துவிட்டு, பதினோராம் அத்தியாயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தேன். ஜன்னலில் போர்வையைக் கட்டினேன். மின்விசிறியை அணைத்தேன். கம்ப்யூட்டர் முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் இவர், ஒன்றில் அண்ணன்.

“மாப்பிள்ளை, அந்தச் சரக்கு வண்டி எதுக்கு நிக்குது?”

“அம்மணி ஜங்ஷன் மச்சான். கேட்டுக்கிட்டுத்தான் போகணும்.”

“அதைச் சுத்திக்கிட்டு ஒரு பைபாஸ் போட்டா?”

இவர் கொஞ்சம் யோசித்தார். “இத்தனை வருஷமா இது எனக்குத் தோணவே இல்லையே,” என்றார்.

முன்பெல்லாம் நான் நடக்கப் போகிற நேரத்தில், திருட்டுத்தனமாக, அவர் பாதியில் ஓடிய ரயில். இப்போது பட்டப்பகலில், என் பாதியில், என் அனுமதியோடு, என் அண்ணனையும் ஏற்றிக்கொண்டு ஓடியது. மணி மூன்றானது. நான்கானது. ஆற்றுக்கு மேல் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தர் எழுந்திருங்களேன், எனக்கு இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி இருக்கு,” என்றேன்.